பள்ளி உடல்நலக் கல்வி: ஆசிரியருக்கு வேண்டிய திறன்களும் பண்புகளும் – முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் பிள்ளைகளின் முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருப்பதைக் காணலாம். அப்பகுதி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதே அதற்குக் காரணம். ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் இளவயதிலேயே அந்தத் தண்ணீர் தன் வேலையை முடித்துவிடுவதால், முளைத்த பல்லை எத்தனை முறை துலக்கினாலும் கறை போகாது. இதை அறியாத ஆசிரியர் ஒருவர், பல் தூய்மை பற்றிய பாடத்தின்போது அப்படிப்பட்ட மாணவனை எழுப்பி நிறுத்தி, "ஒழுங்காகப் பல் விளக்கினால் இப்படி இருக்குமா?" என்று எல்லார் முன்னும் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருக்கும் பாடநூலில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆயினும் அந்த மாணவன் அன்று கற்றுக்கொண்டது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும் என்பதை மட்டுமே. அவன் வீட்டில் குடிக்கும் தண்ணீரைப் பற்றி அந்த வகுப்பில் யாரும் பேசவில்லை.

உடல்நலக் கல்விக்கு வேண்டிய திறன் என்றதும் நம்மில் பலர் நோய்களைப் பற்றிய அறிவையே நினைக்கிறோம். அது தேவைதான், ஆனால் கையேட்டைப் புரட்டினால் கிடைத்துவிடும். மருத்துவக் குழு ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஆசிரியரோ அதே பிள்ளையை ஆண்டில் 200 நாட்களுக்குக் குறையாமல் பார்க்கிறார். அந்த 200 நாட்களில் அவர் எதைப் பார்க்கிறார், எதைக் காதில் வாங்குகிறார், எதைச் சொல்கிறார், எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பவற்றில்தான் அவருடைய திறன் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியரை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. பிற பள்ளி ஆசிரியர்களும் தங்கள் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்குமுன்: எது நம் வேலை?

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் பள்ளி நலவாழ்வுத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பயிற்சி பெற்று நலவாழ்வுத் தூதர்களாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அத்திட்டம் வகுத்திருக்கும் 11 தலைப்புகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். நலமாக வளர்தல், மனநலம், உறவுகளைப் பேணுதல், பொறுப்புள்ள குடிமக்களாதல், பாலினச் சமத்துவம், ஊட்டமும் தூய்மையும், போதைப் பொருள் தவிர்ப்பு, நலமான வாழ்க்கைமுறை, இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும், வன்முறையிலிருந்தும் காயங்களிலிருந்தும் பாதுகாப்பு, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல் ஆகிய இவற்றில் மருத்துவ அறிவு மட்டும் போதுமான தலைப்பு ஒன்றுகூட இல்லை. எனவே அறிவியல் ஆசிரியர் என்பதற்காகவே ஒருவரிடம் இப்பொறுப்பைக் கொடுப்பது சரியான தேர்வாகாது. இடைவேளையில் பிள்ளைகள் யாரைச் சுற்றி நிற்கிறார்கள், அழுகை வந்தால் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று தலைமை ஆசிரியர் ஒரு வாரம் கவனித்தால் உரியவர் யார் என்பது தெரிந்துவிடும். அவர் தமிழாசிரியராகவோ ஓவிய ஆசிரியராகவோ இருந்தால் ஒரு குறையும் இல்லை.

எல்லையையும் முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். நோய்க்குப் பெயர் சூட்டுவது நம் வேலையில்லை. மருந்து பரிந்துரைப்பதும் இல்லை. "ரத்தசோகை போலிருக்கிறது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அது மாலைக்குள் ஊருக்குள் போய், வேறு பெயரெடுத்துத் திரும்பி வரும். அறிகுறியைக் கண்டோம், உரியவரிடம் அனுப்பினோம், பிறகு அவர்கள் சொன்னது நடக்கிறதா என்று பின்தொடர்ந்தோம் என்பதோடு நம் பங்கு முடிகிறது. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், அவற்றுள் மூன்றாவதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

முதற்படி: பள்ளியைச் சுற்றி நடந்து பார்த்தல்

கல்வியாண்டின் முதல் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். குடிநீர் எங்கிருந்து வருகிறது, தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, பெண்கள் கழிப்பறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசல் பெட்டிக்கடையில் என்ன தொங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். புகையிலைப் பொருள்கள் தொடர்பான 2003ஆம் ஆண்டுச் சட்டம், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத் தொலைவுக்குள் அவற்றை விற்பதைத் தடை செய்திருக்கிறது. கடைக்காரரிடம் முதலில் தனியாக, மரியாதையாகச் சொல்லிப் பார்ப்பதும், பலனில்லையேல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எழுத்தில் புகார் அளிப்பதும் நல்லது.

இந்த நடையே பிறகு பாடமாகவும் மாறும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரிலேயே பெருகும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்தால் அதன் சுழற்சி அறுந்துபோகும். இதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குவதைவிட, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் அழைத்துச் சென்று, தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் நெளியும் புழுக்களைக் காட்டுவது பன்மடங்கு பயன் தரும். வீட்டுக்குப் போனதும் அவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டை. அம்மாவுக்கே தெரியாத இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு மறுநாள் வருவார்கள்.

பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை இருமுவதும், இரவு முழுவதும் விசைத்தறி ஓடும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் கண்ணயர்வதும் ஒழுக்கக்குறைவுகள் ஆகமாட்டா.

இரண்டாம் படி: பார்க்கும் கண்ணைப் பழக்குதல்

வேறெந்தத் திறனையும்விட இதற்கே அதிக நேரம் கொடுக்கப் பரிந்துரைப்பேன். பார்ப்பது எல்லாருக்கும் வரும். பார்த்ததைப் பொருட்படுத்துவது பழகினால்தான் வரும்.

கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்கும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை, நோட்டை முகத்தருகே பிடித்துப் படிக்கும் பிள்ளை ஆகியோரைச் சோம்பேறி என்றும் திருடன் என்றும் சொல்வதற்குமுன், 6 மீட்டர் தொலைவில் பார்வை அட்டையை மாட்டி ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்கலாம். அட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். மறு கண்ணை விரலால் அழுத்தாமல், குவித்த உள்ளங்கையால் மூடச் சொல்ல வேண்டும். அழுத்தினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகத் தெரியும். பெயரைக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கும் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கும் திட்டு தேவையில்லை, செவிப் பரிசோதனை தேவை.

சுண்ணக்கட்டி, மண், சாம்பல், பச்சரிசி ஆகியவற்றைத் தின்னும் பழக்கம் இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது. கீழிமையின் உட்புறம் வெளிறியிருத்தல், படி ஏறினால் மூச்சிரைத்தல், முன்பு ஓடியாடிய பெண் இப்போது விளையாட்டு வகுப்பில் மரத்தடியிலேயே உட்கார்ந்திருத்தல் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. இருட்டத் தொடங்கியதும் தடுமாறும் பிள்ளைக்கு மாலைக்கண் இருக்கலாம். தோலில் நிறம் வெளுத்து, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். தொழுநோயாக இருந்தாலும் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உறுப்புக் குறைபாடு ஏதுமின்றி முழுவதும் குணமாகும்.

வருகைப் பதிவேடு ஒரு மருத்துவ ஏடு என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்பில் சில மாணவியர் மாதந்தோறும் இரண்டு மூன்று நாட்கள் வராமல் இருப்பது பதிவேட்டில் தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறையின் தண்ணீரையும் தாழ்ப்பாளையும் நாப்கின் போடும் குப்பைத்தொட்டியையும். ஒரு பிள்ளை குறிப்பிட்ட ஓர் ஆசிரியரின் வகுப்புள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி என்று சொல்லி நின்றுவிடுகிறதென்றால், வலி வயிற்றில் இல்லாமலிருக்கக் கூடும். கையெழுத்துத் திடீரெனச் சிதைதல், நெருங்கிய தோழியைவிட்டு விலகி உட்காருதல், சத்துணவைத் தொடாமல் எழுந்துவிடுதல், வெயிற்காலத்திலும் முழுக்கைச் சட்டையை மடிக்க மறுத்தல் ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்தால் சிறியவை. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் தனியாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பார்த்ததைக் குறித்துவைத்தால்தான் பயன். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையாகப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய குழுவிடம், "இந்தப் பன்னிரண்டு பேரைச் சற்று நிதானமாகப் பாருங்கள், என்ன கண்டோம் என்று பெயருக்கு நேரே எழுதியிருக்கிறோம்" என்று ஒரு தாளைக் கொடுத்தால், அந்த நாளே வேறாகிவிடும். அந்தத் தாளை மாணவத் தலைவனிடம் கொடுத்தனுப்பாமல், தாமே கையில் கொடுப்பது ஆசிரியரின் பண்பைக் காட்டும்.

மூன்றாம் படி: தாம் அறிந்ததைத் தாமே சோதித்தல்

நாமும் இதே ஊர்களில் வளர்ந்தவர்கள்தாம். வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். சிலர் செய்தும் இருப்போம். இரும்பினால் வலிப்பு நிற்பதில்லை, வலிப்பு பொதுவாகத் தானே ஓரிரு நிமிடங்களில் அடங்குவதால் அப்படித் தோன்றுகிறது. செய்ய வேண்டியவை இவை: சுற்றியுள்ள பெஞ்சுகளை நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்று எதையேனும் வைத்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகால்களை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் வகுப்பிடம், "இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, அவன் நாளைக்கு வந்து இதே இடத்தில் உட்காருவான்" என்று சொல்வதும் முதலுதவியின் ஒரு பகுதியே.

பாம்புக் கடிக்குக் கீறிவிடுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு செய்யும். கடிபட்ட பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், பதற்றத்தைக் குறைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவரும் வேலையில் பொன்னான நேரத்தை இழக்கக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல், முன்னால் குனியவைத்து மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தீப்புண்ணுக்கு மாவும் மையும் பற்பசையும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினால் போதும், பிறகு மருத்துவமனை.

அம்மை கண்டபோது எப்படிப் பேசுவது என்பது இவற்றைவிட நுட்பமானது. ஊரில் பலருக்கு அது நோய் மட்டுமன்று, மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்ற நம்பிக்கையும் கூட. வேப்பிலைக் கொத்தைக் கேலி செய்து தொடங்கும் ஆசிரியர் அந்த வீட்டின் கதவைத் தாமே சாத்திக்கொள்கிறார். பிள்ளையைத் தனியே வைப்பது, அயலார் வரவைத் தவிர்ப்பது, பருத்தித் துணி உடுத்துவது போன்றவை நல்ல வழக்கங்கள் என்று முதலில் ஒப்புக்கொள்ளலாம். அதன்பின், தண்ணீரையும் உணவையும் குறைக்க வேண்டாம், மூச்சுத் திணறலோ அடங்காத காய்ச்சலோ பிதற்றலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், கிராம சுகாதார செவிலியர் வந்து பார்த்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சொன்னால் பாட்டியும் தலையசைப்பார்.

நான்காம் படி: சொல்லுக்குக் கூச்சப்படாதிருத்தல்

வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடத்தை "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடும் வழக்கம் நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக உண்டு. நான் படித்த காலத்தில் அந்தப் பக்கத்தை எங்கள் ஆசிரியர் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டியதை இன்றும் மறக்கவில்லை. வகுப்பு முழுவதும் அன்று மாலை வேறெதையும் படிக்கவில்லை என்பது வேறு கதை.

உறுப்புகளுக்கு நேரான பெயர்களைச் சொல்லத் தெரியாத குழந்தை, தனக்கு நேர்ந்த தீங்கையும் சொல்ல முடியாது. வசைச் சொற்களுக்கும் மருத்துவமனைச் சொற்களுக்கும் நடுவில் தமிழில் நல்ல பெயர்கள் இருக்கின்றன: மார்பகம், கருப்பை, ஆண்குறி, பெண்குறி, விதைப்பை. ஆசிரியர் இவற்றைச் "சிறுநீரகம்" என்று சொல்லும் அதே குரலில், அதே முகத்தோடு சொல்லப் பழக வேண்டும். வீட்டில் கண்ணாடிமுன் நின்று இருபது முறை உரக்கச் சொல்லிப் பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் பயிற்சி அதுதான். வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு எழும், அதட்டக் கூடாது. "சிரிப்பு வரும், எனக்கும் உங்கள் வயதில் வந்தது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தால் அடங்கிவிடும்.

"தூரம்", "தீட்டு", "வீட்டுக்கு விலக்கு" என்ற சொற்களோடு வரும் மாணவியிடம் அவற்றைத் திருத்தும் முயற்சியில் இறங்காமல், நாம் பேசும்போது மாதவிடாய் என்றே சொல்லிக்கொண்டு போனால் சில வாரங்களில் அவளும் அச்சொல்லுக்கு வருவாள். பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி சீராக இல்லாதிருப்பது பெரும்பாலும் இயல்பே. ஆனால் ஏழு நாட்களுக்குமேல் நீடித்தாலோ, அடிக்கடி நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, வலியால் பள்ளிக்கு வர இயலாமற்போனாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாக வழங்கப்படுகிறது. அதை ஆண் பிள்ளைகள் கண்ணில் படாமல் கருப்பு உறையில் மறைத்துக் கொடுக்கும் அவசரத்திலேயே நாம் ஒரு பாடத்தை நடத்திவிடுகிறோம் என்பதை உணர வேண்டும்.

ஆண் பிள்ளைகளை நாம் மறந்துவிடுகிறோம். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் என்று நம்பி, இரவு நேரத் தொலைக்காட்சி விளம்பர வைத்தியரிடம் பணத்தையும் நிம்மதியையும் இழக்கும் இளைஞர்கள், பதின்மூன்று வயதில் ஓர் ஆசிரியர் சொல்லாத ஒரு வாக்கியத்துக்காக அந்த விலையைக் கொடுக்கிறார்கள். அது வளர்ச்சியின் இயல்பான பகுதி, உடலை அது பலவீனப்படுத்தாது என்பதே அந்த வாக்கியம்.

பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடுவதற்கு ஒரு பெட்டியை வைக்கலாம். எல்லாரும் ஒரு சீட்டைப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் வெறுந்தாளை மடித்துப் போடலாம் என்று வைத்தால், யார் கேட்டது என்பது வெளியில் தெரியாது. பெட்டியை வகுப்பில் திறக்கக் கூடாது. முதல் நாளே தனியாகப் படித்துவிட வேண்டும். விடை தெரியாதபோது, "இது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, செவிலியர் அம்மாவிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்லி, அடுத்த வாரம் உண்மையிலேயே சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: பாடத்தைச் செயலாக அமைத்தல்

எட்டாம் வகுப்புக்கு ரத்தசோகை பற்றி ஒரு பாடவேளை நடத்துவதாகக் கொள்வோம். ஹீமோகுளோபின் என்றால் என்ன என்ற விளக்கத்தோடு தொடங்கினால் பாதி வகுப்பை இழந்துவிடுவோம். நேற்று எழுந்தது முதல் படுக்கும்வரை சாப்பிட்டதை எல்லாரும் எழுதட்டும். யார் எழுதியதையும் உரக்கப் படிக்க வேண்டாம், ஏனெனில் சில வீடுகளில் இரவு உணவே இருந்திருக்காது. பிறகு, சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்ற எண்ணத்தைக் கலைக்கலாம். பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புச்சத்துக்கும் தொடர்பில்லை. கம்பு, கீரை, எள், பயறு வகைகள், ஈரல், சுவரொட்டி எனப்படும் ஆட்டு மண்ணீரல் ஆகியவை அந்த ஊர்ச் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று பிள்ளைகளே சொல்வார்கள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பை உடல் ஏற்க உதவும் என்றும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும் என்றும் சொல்லிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தம்மால் இந்த வாரம் மாற்ற முடிந்த ஒன்றை மட்டும் எழுத வேண்டும். "தினமும் ஆட்டு ஈரல் சாப்பிடுவேன்" என்று எழுதும் பிள்ளை நம்மை மகிழ்விக்க எழுதுகிறது. "காலை இட்லியோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பேன்" என்று எழுதும் பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது.

வாரந்தோறும் கொடுக்கும் நீலநிற மாத்திரை இந்தப் பாடத்தின் தொடர்ச்சி. 10 முதல் 19 வயதினருக்கான அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், ஒரு பிள்ளை வாந்தியெடுத்தால் பத்துப் பிள்ளைகள் மறுப்பார்கள். ஆகவே மதிய உணவுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். மலம் கருப்பாகப் போகும், அஞ்ச வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் குடற்புழு நீக்க நாளில் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையை மென்று விழுங்கச் செய்ய வேண்டும். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள பிள்ளைக்கு அன்று கொடுக்காமல், குணமானபின் விடுபட்டோருக்கான நாளில் கொடுக்கலாம். மாத்திரை பற்றிய வதந்தி கைப்பேசி வழியாக ஊருக்குள் பரவுவதற்குமுன் பெற்றோரிடம் பேசிவிடுவது அறிவுடைமை.

போதைப் பொருள் பற்றிய பாடத்தில் புற்றுநோய் வந்த வாயின் படத்தைக் காட்டி அச்சுறுத்துவது எளிது. ஆனால் பிள்ளையிடம் அந்தப் பொட்டலத்தை நீட்டப்போகிறவன் அந்நியன் இல்லை, உயிர்த் தோழன். "ஒரு தடவைதான்டா" என்று அவன் சொல்லும்போது நட்பை முறிக்காமல் மறுப்பது எப்படி என்பதை இரண்டிரண்டு பேராக நடித்துப் பார்க்க வைத்தால், அந்த நிமிடம் வரும்போது நாக்குக்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்.

ஆறாம் படி: கேட்பதும், காக்க முடியாத ரகசியமும்

ஒரு பிள்ளை, "டீச்சர், ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லக் கூடாது" என்று தொடங்கும்போது, "சத்தியமாகச் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "தேவையில்லாத யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னைப் பாதுகாக்க வேண்டுமென்றால் உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பதே நேர்மையான விடை.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர், சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பிலுள்ளவர் தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைத்தால் அது ஓராண்டு வரை போகும். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்", "பெண்ணின் எதிர்காலம் என்னாவது", "பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம்" என்பன போன்ற பேச்சுகள் எழும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, அப்போதும் அசையாமல் நிற்கும் உறுதி இப்பணிக்கு வேண்டிய முதன்மையான பண்பு.

கேட்கும்போது துருவக் கூடாது. விசாரணை நம் வேலையில்லை. திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது காயத்தைக் கிளறும். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே, நாளும் நேரமும் இட்டு அன்றே எழுதிவைக்க வேண்டும். "நீ சொன்னது நல்லது. இதில் உன் தவறு எதுவும் இல்லை" என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098ஐ ஆசிரியரும் அழைக்கலாம். பெயரோ அடையாளமோ ஆசிரியர் அறையில்கூடப் பேசப்படக் கூடாது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் அதை நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும் பாரம் இறங்கியதுபோல் பிள்ளை பேசத் தொடங்கும். அப்பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டாரை வரவழைத்து, கையோடு மருத்துவ உதவிக்கு அனுப்ப வேண்டும். மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் எண் 14416, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி வழிகாட்டி எண் 14417 ஆகிய இரண்டையும் தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் மட்டும் சுவரில் ஒட்டாமல், ஜூன் மாதத்திலேயே எழுதிவைக்கலாம்.

ஏழாம் படி: பெற்றோரிடம் பேசுதல்

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே புகார் என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் தாயை உட்காரச் சொல்லி, பிள்ளையைப் பற்றிய நல்ல செய்தி ஒன்றோடு தொடங்க வேண்டும். "அம்மா, உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிறான். போர்டு மட்டும் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காட்டிவிடலாம், கண்ணாடிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை" என்பதில் கண்டது, செய்ய வேண்டியது, போக வேண்டிய இடம், செலவு ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன. ஒரு சந்திப்பில் ஒரு வேண்டுகோளுக்கு மேல் வைக்கக் கூடாது.

கண்ணாடி வந்தபின்னும் வேலை முடிவதில்லை. "சோடாபுட்டி" என்ற ஒரு கேலிக்குப் பயந்து, ஆண்டு முழுவதும் கண்ணாடி பைக்குள்ளேயே இருந்துவிடும். கேலியை வகுப்பில் எப்படி நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கண்ணாடியால் பயன் உண்டாகும்.

எட்டாம் படி: தம் நடத்தையைப் பார்த்துக்கொள்ளுதல்

மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடு என்று தண்டனை கொடுக்கும் பள்ளியில், உடற்பயிற்சியின் நன்மை பற்றிய பாடம் எடுபடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருப்பதை நாம் அறிவோம். ஆனால் "இப்போதுதானே இடைவேளை முடிந்தது" என்று சிறுநீர் கழிக்க அனுமதி மறுப்பதை யாரும் தண்டனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த மறுப்புக்கு அஞ்சி நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகும் மாணவியர் உண்டு. கழிப்பறைக்குப் போகக் காரணம் கேட்கப்படாது என்ற விதியைப் பள்ளி முழுவதற்கும் கொண்டுவருவதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

சத்துணவை ஆசிரியரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்பது சமையலின் தரத்தைக் காக்கும். யார் சமைத்தது என்று பார்த்துத் தட்டைத் தள்ளும் சாதிப் பழக்கத்துக்கும் அது சொல்லின்றி விடை சொல்லும்.

ஒன்பதாம் படி: பயனை அறிதல், பொறுப்பை ஒப்படைத்தல்

தேர்வு வைத்து மதிப்பெண் போடுவதால் உடல்நலக் கல்வியின் பயன் தெரியாது. மாதத்துக்கு எத்தனை சோப்பு கரைகிறது, கண்ணாடி பெற்றவர்களுள் இன்று அணிந்திருப்பவர் எத்தனை பேர், மருத்துவமனைக்கு அனுப்பியவர்களுள் உண்மையில் போய்வந்தவர் எத்தனை பேர், மாணவியர் வருகையில் மாற்றம் உண்டா என்று எண்ணினால் போதும். கேள்விப் பெட்டியில் வெறுந்தாள்கள் குறைந்துகொண்டே வந்தால், அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

பணிமாறுதல் ஆணை வரும்போது பெரும்பாலும் இந்த உழைப்பெல்லாம் நம்மோடு கிளம்பிவிடுகிறது. அதனால் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே ஒரு நோட்டில், தொட்டி கழுவிய தேதி, மருத்துவக் குழு வந்த நாள், பின்தொடர வேண்டிய பிள்ளைகளின் பெயர், ஒவ்வாமையோ வலிப்போ உள்ளவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு, செவிலியரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வந்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகள் நம்பிச் சொன்ன சொந்த விஷயங்களை அந்த நோட்டில் எழுதக் கூடாது. அவற்றில் தொடர்ந்து உதவி தேவைப்படுவது ஏதேனும் இருந்தால், அந்தப் பிள்ளையிடமே, "புதிதாக வருகிற டீச்சரிடம் இதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு, பிள்ளை சம்மதித்ததை மட்டும் நேரில் சொல்லலாம்.